விசிறியில் வைத்த பொட்டு

முப்பத்தைந்து வயதில் பணி ஓய்வு பெற்றவள் நான். முழங்கால் நன்றாக இருக்கிறது. ஆராய்ச்சித் திட்டம் முடிந்தது, அதோடு என் பதவியும் முடிந்தது, விஷயம் அவ்வளவுதான். ஆனால் எங்கள் துறையில் பணி நிறைவு விழா என்றால் ஒரே ஒரு மாதிரிதான் உண்டு. அறுபது வயதுக்காரர்களுக்குச் செய்வதை அப்படியே எனக்கும் செய்தார்கள். சால்வை போர்த்தினார்கள். வாழ்த்திப் பேசியவர் பழைய தாளையே எடுத்து வந்திருப்பார் போலிருக்கிறது, "இனி பேரப்பிள்ளைகளோடு நிம்மதியாகக் காலம் கழிக்க வேண்டும்" என்றார். என் மகள் முதல் வரிசையில் உட்கார்ந்து மிக்ஸர் தின்றுகொண்டிருந்தாள். இரண்டாம் வகுப்பு.

இப்போது நான் வேலை பார்த்த ஆய்வகத்துக்கு வெளிநாட்டிலிருந்து ஆயத்தமாகச் செய்த எலிப் பெட்டிகள் வந்துவிட்டன. அவற்றைக் கவனிக்க இரண்டு பேர் புதிதாகச் சேர்ந்திருக்கிறார்கள். போன மாதம் போன் செய்தார்கள். "அக்கா, நீங்க செஞ்ச தப்பையெல்லாம் எழுதிக் குடுங்களேன். நாங்க அதச் செய்யாம இருப்போம்" என்றார்கள். பதினோரு வருடம் வேலை பார்த்தவளிடம் சாதனைகளைக் கேட்காமல் நேராகத் தப்புகளுக்கு வந்தது எனக்குப் பிடித்திருந்தது. உட்கார்ந்து பட்டியல் போட்டேன். இருபத்து மூன்று தேறின. பாதிக்கு மேல் திருகாணியைத் தொலைத்தது போன்றவை. மூன்றை மட்டும் இங்கே எழுதுகிறேன். மூன்றாவதுதான் விஷயம். முதல் இரண்டும், அந்த மூன்றாவதைச் செய்யும்முன் எனக்கு எத்தனை எச்சரிக்கைகள் வந்தன என்பதைக் காட்டத்தான்.

ஊர் குறிஞ்சிப்பாடி. நிலம், மணிலாக்கொட்டை, இரண்டு மாடு என்று போய்க்கொண்டிருந்த குடும்பத்தில் கருவியியல் டிப்ளமா படித்தவள் நான் ஒருத்திதான். கடலூரில் ஒரு தொழிற்சாலையில் இரண்டு வருடம் தொட்டிகளின் நீர்மட்டம் காட்டும் சென்சார்களைக் கழற்றி மாட்டினேன். கல்யாணமாகி முதுநகருக்கு வந்த பிறகு, சிதம்பரத்தில் விலங்குகள் எப்படிக் கற்கின்றன என்று ஆராயும் ஓர் ஆய்வகத்தில் கருவி செய்ய ஆள் தேவை என்று விளம்பரம் வந்தது. தினமும் ரயிலில் போய் வரலாம் என்று விண்ணப்பித்தேன். வேலை என்ன என்று கேட்ட அக்கா வீட்டு மாமாவிடம், "எலிங்களுக்குப் பொட்டி செய்யணும் மாமா" என்றேன். அவர் மெக்கானிக். "எலிப்பொறி செய்யவா டிப்ளமா படிச்ச? எங்கிட்டச் சொல்லியிருந்தா பத்தாவதோடவே கத்துக் குடுத்திருப்பனே" என்றார். இன்றுவரை குடும்ப விசேஷங்களில் என்னை அறிமுகப்படுத்துவது இந்த வாக்கியத்தோடுதான்.

பெட்டி என்பது மிக்ஸி வந்த அட்டைப்பெட்டி அளவுக்கு அலுமினியமும் அக்ரிலிக்கும் சேர்த்துச் செய்தது. உள்ளே ஒரு லிவர், ஒரு சின்ன ஒலிபெருக்கி, ஓர் உணவுக் கிண்ணம், காற்றோட்டத்துக்கு ஒரு கம்ப்யூட்டர் விசிறி. 'பீப்' என்று ஒலி கேட்டதும் எலி லிவரை அழுத்தினால் கிண்ணத்தில் ஓர் உணவு உருண்டை விழும். எலி எந்த மூலையில் நிற்கிறது என்று பார்க்க மூலைக்கொரு ஒளிச் சென்சார். எலி எப்போது அழுத்தியது, எங்கே நின்றது எல்லாமே தானாகப் பதிவாகும். மனிதர் யாரும் பக்கத்தில் இருக்கத் தேவையில்லை. இருந்தால் எலி எலியைப் போல நடந்துகொள்ளாது.

முதல் தப்பு, லிவர். எவ்வளவு பலத்தில் அழுத்தினால் அது இறங்க வேண்டும் என்பதை என் ஆள்காட்டி விரலால் சோதித்துப் பார்த்து முடிவு செய்தேன். எலி அதன்மேல் ஏறி உட்கார்ந்து முகம் கழுவியது. லிவர் அசையவில்லை. மறு வாரம் லேசாகத் தொட்டாலே இறங்கும்படி அதை மாற்றினேன். இப்போது ஒரு முறை அழுத்தினால் சுவிட்சு துள்ளித் துள்ளி ஏழெட்டு முறையாகப் பதிவானது. அது எனக்குத் தெரியாது. பேராசிரியை அரசி மேடத்திடம் ஓடினேன். "மேடம், ஏழாம் நம்பர் எலி நிமிஷத்துக்கு முந்நூறு தடவ அழுத்துது!" மேடம் பிளாஸ்கிலிருந்து வெந்நீரை ஊற்றி, ஆற்றி, ஒரு வாய் குடித்தார். "அப்படியா? அப்ப அத வேலைக்கி எடுத்துக்கலாம். உன்ன அனுப்பிடலாம்" என்றார்.

மேடத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பதினோரு வருடத்தில் அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. உயர்ந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஏதாவது கெட்டுப்போனது என்று சொல்லப் போனால் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைப்பார். "நீ பாத்தத மொதல்ல சொல்லு. நெனச்சத அப்புறம் சொல்லு" என்பார். நான் பார்த்தது அரை நிமிடத்தில் தீர்ந்துவிடும். நினைத்தது கால் மணி நேரம் ஓடும். கடிகாரம் அதற்காகத்தான். ஒவ்வொரு புதுப் பெட்டிக்கும் இன்னொரு சடங்கு உண்டு. எலியை விடுமுன், எலி அந்தப் பெட்டிக்குள் என்னென்ன பார்க்கும், கேட்கும், தொடும், முகரும் என்று நான் பட்டியல் எழுதித் தர வேண்டும். மேடம் தரையில் மண்டியிட்டு, பெட்டிக் கதவுக்குள் தலையை நுழைத்து, ஒவ்வொன்றாகச் சரிபார்ப்பார். பட்டியல் எனக்குப் பிடித்த வேலை. என் பட்டியல் நாற்பத்தோரு வரி. துறையிலேயே நீளமானது என்று எனக்கு ஒரு பெருமை இருந்தது.

இரண்டாவது தப்பு, அரிசி. ஐப்பசி, கார்த்திகையில் எங்கள் பக்கம் பெய்கிற மழையில் உணவு உருண்டைகள் ஈரத்தில் உப்பி, குழாயில் சிக்கிக்கொண்டன. எங்கள் வீட்டில் உப்பு ஜாடிக்குச் செய்கிற வைத்தியத்தைச் செய்தேன். துணியில் கொஞ்சம் அரிசி முடிந்து உணவுத் தொட்டிக்குள் தொங்கவிட்டேன். உருண்டைகள் சிக்கவில்லை. ஆனால் எலிகள் லிவரை விட்டுவிட்டு உணவுக் குழாயின் அடியில் நின்று அண்ணாந்து பார்த்தபடியே இருந்தன. நாலு நாள் கழித்துத்தான் புரிந்தது, அவற்றுக்கு அரிசி வாசனை வந்துவிட்டது என்று. எலிக்கு மூக்குதான் முதல் புலன் என்று அன்றே நோட்டில் எழுதி அடிக்கோடும் போட்டேன். அடிக்கோடு போட்டால் அறிவு வந்துவிடும் என்று நம்புகிற ஆள் நான்.

இனி மூன்றாவது.

மணிமாறன், அரசி மேடத்திடம் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்திருந்த மாணவர். கிள்ளைக்குப் பக்கத்தில் கடலோரக் கிராமம். அப்பா கடலுக்குப் போகிறவர். மணிமாறன் என்னை விட நாலைந்து வயது சின்னவர், அக்கா என்றுதான் கூப்பிடுவார். அவருடைய கேள்வி எளிமையானது. ஓர் அறையில் கற்ற பாடம் இன்னோர் அறைக்குப் போனால் நினைவுக்கு வருமா? இதற்காக நான் இரண்டு விதத்தில், விதத்துக்கு இரண்டாக, நாலு பெட்டிகள் செய்தேன். 'அ' பெட்டிக்கு வழுவழுப்பான வெள்ளைச் சுவர், கம்பித் தரை, தரைக்குக் கீழே உள்ள தட்டில் ஒரு சொட்டு வினிகர். 'ஆ' பெட்டிக்குக் கோடு போட்ட சுவர், வலைத் தரை, ஒரு சொட்டு ஐஸ்கிரீம் எசன்ஸ். எலிக்கு இரண்டும் வேறு வேறு ஊர். 'அ'வில் ஒலிக்கு லிவரை அழுத்தப் பழகிய எலி, 'ஆ'வில் ஒலி கேட்டால் அழுத்துமா என்று பார்க்க வேண்டும்.

பயிற்சியை ஒரே மூச்சில் கொடுத்தால் எலி பாடத்தை அந்த அறையோடு சேர்த்து மனப்பாடம் செய்யும், அறை மாறினால் மறந்துவிடும். இடைவெளி விட்டுக் கொடுத்தால் பாடம் தனியாக மனதில் நிற்கும், எந்த அறையிலும் வரும். இது மணிமாறனின் ஊகம். ஆடி, ஆவணியில் முதல் குழு எலிகளுக்கு ஒரே மூச்சுப் பயிற்சி. 'ஆ' பெட்டிக்கு மாற்றியதும் அவை ஒலி கேட்டுத் திருதிருவென விழித்தன, அழுத்தவில்லை. ஐப்பசிக்கு மேல் இரண்டாம் குழுவுக்கு இடைவெளிப் பயிற்சி. 'ஆ' பெட்டிக்கு மாற்றியதும் ஒன்றிரண்டு தவிர எல்லாம் நேராகப் போய் அழுத்தின. மணிமாறன் வராந்தாவில் குதித்தார். "அக்கா, எலிங்க என்ன டாக்டர் ஆக்கிடும் போலிருக்குது!" என்றார். கடலூரில் ஒரு கல்லூரியில் அவருக்கு இடம் கிட்டத்தட்ட உறுதியாகியிருந்தது. ஜூனுக்குள் ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டால் வேலை அவருக்கு. எழுத ஆரம்பித்துவிட்டார்.

பொங்கல் கழிந்த ஒரு வாரத்தில் நான் பதிவுகளை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தேன். யாரும் கேட்காமலேயே செய்கிற வேலை இது. எலி உள்ளே போனதும் முதல் பத்து விநாடியில் எந்தச் சென்சார் அதைக் காட்டுகிறது என்று ஓர் அட்டவணை போட்டேன். இரண்டாம் குழு எலிகள் எல்லாமே உள்ளே போனதும் முதலில் மூன்றாம் மூலைக்குப் போயிருந்தன. முதல் குழுவில் ஒன்றுகூட அப்படிப் போகவில்லை. சென்சார் கெட்டுவிட்டது என்று நினைத்தேன். மாற்றினேன். மறுபடி அதேதான். மறுபடி மாற்றினேன். விலங்குக் கூடத்தைக் கவனிக்கும் பாக்கியம் அக்கா, நான் இரண்டாம் முறை ஸ்குரு கழற்றுவதைப் பார்த்துச் சொன்னார்.

"சென்சார ஏன் பாப்பா திட்டற? அதுங்க நெசமாவே அந்த மூலைக்கித்தான் போவுதுங்க. உள்ள விடறப்ப நாந்தான் தெனமும் பாக்கறனே. புள்ளையார் கோயில் முக்குல நின்னு கும்புட்டுட்டுப் போற மாரி நின்னு, மோந்துட்டுத்தான் போவுதுங்க."

மூன்றாம் மூலையில் இருந்தது விசிறி. நான் தரையில் படுத்து, பெட்டிக்குள் தலையை நுழைத்து, விசிறிக்கு நேராக மூக்கை வைத்தேன். விசிறியை ஓடவிட்டேன்.

சரஸ்வதி பூஜை வாசனை வந்தது.

ஆயுத பூஜைக்கு முதல் நாள் நாங்கள் ஆய்வகத்தில் பூஜை போட்டோம். தராசு, சால்டரிங் அயர்ன், கம்ப்யூட்டர் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துக்கொண்டு வந்தேன். எலிப் பெட்டிகளின் வெளிக்கதவில் வைக்கப் போனபோது பாக்கியம் அக்கா தடுத்தார். "மெஷினுக்கு வெக்காம அலமாரிக்கா வெப்பாங்க? உள்ள சுத்துது பாரு, அதுக்கு வை." எனக்கும் நியாயமாகப் பட்டது. பெட்டிக்குள் சுற்றுவது விசிறி ஒன்றுதான். வைக்குமுன் நான் யோசிக்கவே இல்லை என்று நினைக்காதீர்கள். யோசித்தேன். எலிக்குச் சிவப்பு நிறம் தெரியாது என்று படித்திருந்தேன். எனவே குங்குமம் அதன் கண்ணுக்குப் படாது, சோதனைக்குப் பாதிப்பில்லை என்று விஞ்ஞான ரீதியாக முடிவெடுத்து, 'அ', 'ஆ' இரண்டு விதப் பெட்டிகளிலும் விசிறிச் சட்டத்தின் உள்பக்கம், ஒரே அளவில், அழகாகச் சந்தனம் வைத்து நடுவில் குங்குமம் வைத்தேன். சந்தனத்தில் ஜவ்வாது கலந்திருந்தேன். வீட்டில் அப்படித்தான் கலப்போம்.

அரிசி வாசனைக்கு அடிக்கோடு போட்டவள்தான் இதைச் செய்தேன். சந்தனத்துக்கு வாசனை உண்டு என்று தெரியாதா? தெரியும். ஆனால் பூஜைச் சந்தனம் என் கணக்கில் வாசனைப் பொருள் இல்லை. அது சுத்தம். நாற்பத்தோரு வரியில் அதற்கு இடமே இல்லை. ஒவ்வொரு எலிக்குப் பிறகும் சுவர், தரை, லிவர், கிண்ணம் எல்லாவற்றையும் ஸ்பிரிட் போட்டுத் துடைக்க வேண்டும் என்று செய்முறைத் தாள் எழுதியதும் நான்தான். விசிறிச் சட்டம் அதில் இல்லை.

ஆக, இரண்டாம் குழு எலிகளுக்கு 'அ'வும் 'ஆ'வும் வேறு ஊர் இல்லை. இரண்டிலும் ஒரே பூஜை அறைக் காற்று. அவை நினைவில் வைத்திருந்தது இடைவெளிப் பயிற்சியால் இல்லாமல் என் பொட்டால் இருக்கலாம். மணிமாறனை டாக்டர் ஆக்கப் போனது எலிகள் இல்லை, ஒரு சிட்டிகை ஜவ்வாது.

ஆய்வகத்தில் அப்போது யாரும் இல்லை. பாக்கியம் அக்கா சாப்பிடப் போயிருந்தார். ஸ்பிரிட் நனைத்த பஞ்சு கையில் இருந்தது. நாலு விசிறியையும் துடைக்க ஐந்து நிமிடம் போதும். துடைத்திருந்தால் மணிமாறன் ஜூனில் ஆய்வேட்டைக் கொடுத்திருப்பார், கல்லூரி வேலை கிடைத்திருக்கும், யாருக்கும் தெரிந்திருக்காது. இளையவர்கள் இதைப் படிப்பதால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். என்னைத் தடுத்தது நேர்மை என்று சொல்ல ஆசைதான். தடுத்தது பராமரிப்புப் பதிவேடு. விசிறியைத் தொட்டால் அதில் எழுத வேண்டும். 'செய்த வேலை' என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் 'காரணம்' என்று ஒரு கட்டம் உண்டு. வேலைக்குச் சேர்ந்து அதுவரை ஆறு வருடத்தில் நான் எந்தக் கட்டத்தையும் காலியாக விட்டதில்லை. 'தூசி' என்று எழுதப் பேனாவை எடுத்தேன். கை வரவில்லை. பஞ்சைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு மேடத்தின் அறைக்குப் போனேன்.

கடிகாரம் மேசைக்கு வந்தது. பார்த்ததைச் சொன்னேன். இந்த முறை நினைத்தது எதையும் சொல்லவில்லை. மேடம் எழுந்து வந்து, மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, தரையில் மண்டியிட்டு நாலு பெட்டிக்குள்ளும் தலையை விட்டு முகர்ந்தார். எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டார்.

"ஜவ்வாது போட்டியா?"

"ஆமா மேடம்."

"எவ்ளோ?"

"ஒரு சிட்டிக மேடம். நாலுக்கும் சேத்துக் கொழச்சது."

"எழுதிக்கோ."

எழுதிக்கொண்டேன். "மணிமாறன்கிட்ட நான் சொல்ல மாட்டேன். நீதான் சொல்லணும்" என்றார். திட்டவில்லை. அதனால் திட்டு இன்னும் பாக்கி இருப்பது போலவே எனக்கு ஒரு நினைப்பு.

மணிமாறன் கேன்டீனில் இருந்தார். சொன்னேன். முதலில் சிரித்தார், நான் விளையாடுகிறேன் என்று. பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

"நெசமாவாக்கா?"

"நெசந்தான் தம்பி."

"நாலு வருஷம்க்கா." டீயைத் தள்ளி வைத்தார். "ஏன்க்கா எங்கிட்டச் சொன்னீங்க? தொடச்சிட்டுக் கம்முனு இருந்திருக்கலாம்ல? எனக்கே தெரிஞ்சிருக்காதே."

பதிவேட்டைப் பற்றிச் சொல்லியிருந்தால் டீ என் தலைமேல் விழுந்திருக்கும். அவர் எழுந்து போனார். அதன்பிறகு என்னோடு பேசவில்லை. ஏதாவது வேண்டுமென்றால் துண்டுச் சீட்டில் எழுதி பாக்கியம் அக்காவிடம் கொடுத்தனுப்புவார். பாக்கியம் அக்கா அதைப் படித்துக் காட்டி, அவர் எழுதாத ஒரு வரியையும் சேர்ப்பார். "ஸ்குரு டிரைவர் வேணுமாம். பொட்டு வெக்காம குடுக்கணுமாம்."

மறுபடி எல்லாவற்றையும் செய்ய எலிகள் இல்லை. ஒரு சோதனைக்கு எத்தனை விலங்குகள் என்று விலங்கு நெறிமுறைக் குழு அனுமதித்த எண்ணிக்கைக்கு மேல் ஒன்றுகூட எடுக்க முடியாது. மிச்சம் எட்டு இருந்தன. மேடம் சொன்னார், எட்டுக்கும் இடைவெளிப் பயிற்சி கொடுங்கள், நாலுக்குப் பொட்டு வைத்த பெட்டிகள், நாலுக்குப் பொட்டில்லாத பெட்டிகள். விசிறிகள் எல்லாம் புதிது. பொட்டு பழைய அளவு. என் வாழ்க்கையில் ஒரே ஒரு முறைதான் சந்தனத்தை மில்லிகிராம் தராசில் நிறுத்துக் குழைத்திருக்கிறேன். தைக் கடைசியில் தொடங்கி மாசி முழுவதும் பயிற்சி நடந்தது.

சோதனை நாளில் பெட்டிகளுக்கு மேல் கேமரா வைத்திருந்தோம். மணிமாறன் அதன் திரைக்கு முன் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். வேறு நாற்காலி இல்லை. பொட்டு வைத்த பெட்டியில் நாலு எலியும் மூலைக்குப் போய் முகர்ந்துவிட்டு, ஒலி கேட்டதும் அழுத்தின. பொட்டில்லாத பெட்டியில் முதல் எலி ஒலி கேட்டு நின்றது. அழுத்தவில்லை. இரண்டாவது, மூன்றாவது. நாலாவது எலி லிவர்வரை போனது. முன்னங்காலைத் தூக்கியது. மணிமாறன் மூச்சை இழுத்துப் பிடித்தது எனக்குக் கேட்டது. எலி காலைக் கீழே வைத்து முகம் கழுவிக்கொண்டது.

"போச்சுக்கா" என்றார். கிட்டத்தட்ட இரண்டு மாதம் கழித்து அவர் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

ஊகம் போனது. கடலூர்க் கல்லூரி வேலையும் போனது. ஜூனில் வேறு யாரோ சேர்ந்தார்கள். ஆய்வேடு மறுபடி எழுதப்பட்டது. இப்போது அது, இரண்டு அறைகளை ஒரு பொது வாசனை எப்படிப் பாலம் போட்டு இணைக்கிறது என்பதைப் பற்றியது. ஒன்றரை வருடம் தாமதம். எழுதும்போது மணிமாறன் பல முறை மேடத்திடம் கேட்டுப் பார்த்தார், 'எதிர்பாராத வாசனைக் கலப்பு' என்று மட்டும் போட்டால் போதாதா என்று. எனக்காகத்தான் கேட்டார் என்று பிறகு தெரிந்தது. மேடம் என்னைப் பார்த்தார். செய்முறை அத்தியாயத்தில் அந்தப் பத்தியை நானே எழுதிக் கொடுத்தேன். ஆயுத பூஜை என்றே எழுதினேன்.

வைவா என்கிற வாய்மொழித் தேர்வு நாளில் கருத்தரங்கக் கூடம் நிரம்பியிருந்தது. கிள்ளைப் பக்கத்திலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள். மணிமாறனின் அப்பா மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில் இரண்டாம் வரிசையில் உட்கார்ந்து, ஆங்கிலத்தில் நடந்த ஒன்றேகால் மணி நேரத்தையும் கண் இமைக்காமல் கேட்டார். வெளியிலிருந்து வந்த தேர்வாளர் அந்தப் பத்தியில் விரலை வைத்துக்கொண்டு தமிழுக்கு மாறினார்.

"இந்தச் சந்தன விஷயத்த யாருப்பா கண்டுபுடிச்சது?"

மணிமாறன் என்னைக் காட்டினார். "இவங்கதான் சார்."

"ரொம்ப நல்லது. இத வெச்சது யாரு?"

"அதுவும் இவங்கதான் சார்."

கூடம் சிரித்து அடங்க நேரமானது. மேடம் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். நான் எழுந்து நின்று கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தேன். வேறென்ன செய்ய?

பட்டம் அறிவித்த பிறகு வெளியே வடை, கேசரி. நான் தூண் ஓரமாகத் தட்டு எடுக்காமல் நின்றேன். மணிமாறனின் அப்பா இரண்டு தட்டோடு நேரே என்னிடம் வந்தார்.

"நீதான அந்தப் பொட்டு வெச்ச பொண்ணு?"

"ஆமாங்க."

"ஒன்னாலதான் காலேஜி வேல போச்சுன்னு அழுதான் எம் மவன். ஒரு வருஷம் கழிச்சு, அவுங்க சொல்லலன்னா நான் பொய்ய எழுதி டாக்டர் ஆகியிருப்பேன்ப்பான்னும் சொன்னான். ரெண்டுல எதும்மா நெசம்?"

"ரெண்டுமேதாங்க."

அவர் என்னைப் பார்த்தார். அலையைப் பார்த்துப் பழகிய கண்.

"அப்ப சாப்புடு" என்று ஒரு தட்டை என் கையில் வைத்தார்.